நூறு வீதம் வந்த பிறகும் வீடியோ ஏன் திறக்கவில்லை?



இந்த இதழின் பாடம் கைப்பேசியையும் கம்ப்யூட்டரையும் பற்றியது. "நமக்கு எதுக்கு இது?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இன்று லயத்தில் ஒரு போனாவது இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளின் பாடம், கோயில் திருவிழா, தூரத்து உறவின் கல்யாணம், கடைசியில் சாவு வீடு வரைக்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. அதை இறக்கி வைக்கிற வேலையில் காசும் போகிறது, நேரமும் போகிறது. சில வேளை திரும்பக் கிடைக்காத ஒன்றும் போய்விடுகிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம். அம்மாவின் தம்பி ஊர்காவற்றுறையில் கல்யாணம் கட்டி அங்கேயே இருக்கிறார். நைனாதீவு நாகபூசணி அம்மனுக்கு ஆனி மாதத் திருவிழா. அம்மாச்சிக்கு ஒரு தரம் போய்க் கும்பிட ஆசை, ஆனால் முழங்கால் விடவில்லை. மாமா தேரன்று மூன்று மணித்தியாலம் ஓடிய நேரலையைத் தானே போனில் பிடித்து, பார்க்கிறதற்கும் இறக்கி வைக்கிறதற்குமாக வலையில் போட்டுவிட்டு, அதன் இணைப்பை அனுப்புகிறார். பேரன் இறக்குகிறான். நூறு வீதம் என்று காட்டுகிறது. அதற்குப் பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"மாமா, நூறு வந்திருச்சி. ஆனா தொறக்க மாட்டேங்குது. அரை மணித்தியாலமா சுத்திக்கிட்டே இருக்கு. அழிச்சிட்டுத் திரும்ப எடுக்கவா?"

"அழிச்சுப் போடாதை தம்பி. கொஞ்சம் பொறு. சாமான் குறிகாட்டுவானுக்கு வந்திட்டுது. இன்னும் வள்ளத்தில ஏறேல்லை, அவ்வளவுதான்."

மாமா சொன்ன இந்த ஒரு வசனத்துக்குள்ளேயே முழுப் பாடமும் இருக்கிறது.

துறைமுகம் வேறு, வீடு வேறு

தீவுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு வழி தெரியும். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் துறைக்குப் போக வேண்டும். ரோடு அதோடு முடிந்தது. அங்கிருந்து நைனாதீவுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான். நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணித்தியாலம். அரிசி மூட்டையோ சீமெந்துப் பையோ, பஸ்ஸிலும் லொறியிலும் துறைக்கு வந்ததை ஒவ்வொன்றாக இறக்கிப் படகில் ஏற்றி, மறுகரையில் திரும்ப இறக்கி எடுக்க வேண்டும். துறைக்கு எல்லா மூட்டையும் வந்து சேர்ந்தது என்பதால் நெடுந்தீவு வீட்டில் அன்றைக்கே சோறு வேகாது.

வீடியோவும் அப்படித்தான். நேரலையாகவோ தொடர் ஓட்டமாகவோ வலையில் வருகிற வீடியோ பெரும்பாலும் ஒரே கோப்பாக வருவதில்லை. அனுப்புகிற இடத்திலேயே அதைச் சில விநாடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி விடுகிறார்கள். 2009 இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த முறையும், 2012 இல் உலகத் தரமாக வந்த 'டாஷ்' என்ற முறையும் இப்படித்தான் வேலை செய்கின்றன. சிக்னல் குறைந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தெளிவில் அனுப்பலாம், கூடினால் நல்ல தெளிவில் அனுப்பலாம் என்பதே இதன் இலாபம்.

ஒரு துண்டு ஆறு விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிஷத்துக்குப் பத்துத் துண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு 600. மூன்று மணித்தியாலத் தேருக்கு 1,800. பல இடங்களில் படம் வேறாகவும் சத்தம் வேறாகவும் வரும். அப்படியானால் 3,600 துண்டு! வெறுமனே பார்க்கும்போது போன் ஒவ்வொரு துண்டாகக் காட்டிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இறக்கி வைக்கும்போதோ அத்தனையையும் சேர்த்து, வரிசை பிசகாமல் அடுக்கி, படத்தோடு சத்தத்தைப் பொருத்தி, ஒரே கோப்பாகக் கட்ட வேண்டும். 'நூறு வீதம்' என்பது துண்டுகள் எல்லாம் துறைக்கு வந்த கணக்கு. அதற்குப் பிறகு சுற்றுகிற வட்டம் இந்தக் கட்டுகிற வேலை.

கட்டுவது ஒரு வேலை, மாற்றுவது வேறு வேலை

இங்கே நமது தேயிலை ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் எடுத்த கொழுந்தைச் சாக்குச் சாக்காக லொறியில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை. அங்கே அதை வாட்டி, அரைத்து, நொதிக்க வைத்து, காய வைத்து, சலித்துத் தேயிலையாக்குவது வேறு வேலை. முன்னதில் கொழுந்து கொழுந்தாகவே இருக்கிறது, இடம்தான் மாறுகிறது. பின்னதில் நாலு, நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. மெஷினும் சூடும் நேரமும் வேண்டும்.

வீடியோ இறக்கும் செயலிகளும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்கின்றன.

முதலாவது, துண்டுகளை உள்ளது உள்ளபடியே ஒட்டிக் கட்டுவது. இதில் படத்தை ஒன்றும் செய்வதில்லை. போனின் மூளைக்கு இது பெரிய பாரமில்லை. நினைவகம், அதாவது மெமரி எவ்வளவு வேகமாக வாசித்து எழுதும் என்பதே கணக்கு.

இரண்டாவது, படத்தையே திரும்ப வார்ப்பது. "இதை எம்பி4 ஆக மாற்று", "சின்னதாக்கு" என்று ஏதாவது அமைப்பு போட்டிருந்தால், ஒவ்வொரு படச் சட்டத்தையும் அவிழ்த்துத் திரும்பச் சுருட்ட வேண்டும். விநாடிக்கு 25 படம் என்றால் மூன்று மணித்தியாலத்துக்கு 2,70,000 படம்! பழைய கம்ப்யூட்டரில் இந்த வேலை வீடியோ ஓடும் நேரத்தை விடவும் கூட எடுக்கலாம்.

ஆகவே வீடியோ தாமதமானால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது கட்டுகிறதா, மாற்றுகிறதா?" என்பதுதான். மாற்றுகிறது என்றால் செயலியின் அமைப்புக்குள் போய், 'மாற்று' என்பதை நிறுத்தி, 'மூலம்' அல்லது 'ஒரிஜினல்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அரைவாசிப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியைப் பாவிக்கிறவர்கள் 'கொப்பி' முறையில் கட்டச் சொன்னால் அது திரும்ப வார்க்காமல் ஒட்டி மட்டும் கொடுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

நடுத்தரத் தெளிவுள்ள வீடியோ விநாடிக்கு இரண்டரை மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணித்தியாலம் சுமார் 1,125 மெகாபைட். மூன்று மணித்தியாலம் கிட்டத்தட்ட 3.4 ஜிகாபைட்.

மெமரி கார்டின் மேல் வட்டத்துக்குள் ஒரு இலக்கம் அச்சிட்டிருக்கும். அதில் 4 என்று இருந்தால் விநாடிக்குக் குறைந்தது 4 மெகாபைட் எழுதும். 10 என்று இருந்தால் குறைந்தது 10. நாலாம் நம்பர் கார்டில் 3.4 ஜிகாபைட்டை எழுத மட்டும் சுமார் 14 நிமிஷம். துண்டுகளும் அதே கார்டில் இருந்தால் அதுவே வாசிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் கொழுந்துச் சாக்கோடு ஆட்கள் ஏறவும் இறங்கவும் செய்கிற மாதிரி. அரை மணித்தியாலம் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பேரனின் போனில் நடந்ததும் இதுவாகவே இருக்கலாம். அழித்திருந்தால் 3.4 ஜிகாபைட் டேட்டாவும் வீண்.

இன்னொரு கணக்கு இடம் பற்றியது. துண்டுகள் 3.4, கட்டிய கோப்பு 3.4, இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆக 3.4 ஜிகாபைட் வீடியோவுக்கு 7, 8 ஜிகாபைட் இடம் காலியாக இருந்தால்தான் வேலை ஓடும். "நாலு ஜிபி இருக்கே, போதும்தானே" என்று நினைப்பவர்கள் தொண்ணூற்றொன்பதில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பென் டிரைவ் பாவிக்கிறவர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. பல பென் டிரைவ்கள் 'ஃபாட்32' என்ற பழைய முறையில் அமைக்கப்பட்டவை. அதில் 32 ஜிகாபைட் காலியாக இருந்தாலும் தனியொரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. நாலு மணித்தியாலத் திருவிழா 4.5 ஜிகாபைட் வரும்; கடைசி நேரத்தில் நின்றுவிடும். 'எக்ஸ்ஃபாட்' முறைக்கு மாற்றினால் இந்தத் தடை இல்லை. ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறிடத்தில் கொப்பி எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

கடைசி ஒரு வீதத்தில் என்ன நடக்கிறது?

பெரட்டுக் களத்தில் பேர் போடாமல் நாள் முழுக்க வேலை செய்தால் என்ன ஆகும்? வேலை நடந்தது உண்மை. ஆனால் செக்ரோலில் பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. எம்பி4 கோப்புக்கும் ஒரு செக்ரோல் உண்டு. எந்தப் படம் எங்கே இருக்கிறது, எந்தச் சத்தம் எந்த நேரத்துக்கு உரியது என்ற பெயர்ப் பட்டியல் அது. அந்தப் பட்டியலை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதுகிறார்கள். எழுதி முடிவதற்குள் போன் அணைந்துபோனால், முழுப் படமும் உள்ளே இருந்தும் கோப்பு திறக்காது.

சில செயலிகள் இன்னொன்றும் செய்யும். கடைசியில் எழுதிய பட்டியலைத் தூக்கி முன்னுக்கு வைக்கும். வலையில் போடும்போது உடனே ஓடத் தொடங்குவதற்காக அப்படிச் செய்கிறது. முன்னுக்கு இடம் வேண்டுமென்றால் முழுக் கோப்பையும் ஒரு தரம் திரும்ப எழுத வேண்டும். 'நூறு' காட்டிய பிறகும் நிமிஷக் கணக்கில் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து தெரிவது என்ன? கடைசி ஒரு வீதத்தில் அவசரப்படக் கூடாது. அந்த நேரத்தில் போனை அணைப்பதும், பென் டிரைவைப் பிடுங்குவதும், செயலியை மூடுவதும்தான் மிகப் பெரிய நட்டம்.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுந்தீவு, நைனாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பொது மின் வலையோடு சேராமல் நெடுங்காலம் டீசல் இயந்திர மின்சாரத்தையே நம்பியிருந்தவை. சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் இணைக்கும் மின் திட்டம் ஒன்றுக்கு இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நம்மில் யாரும் 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டை மறந்திருக்க மாட்டோம். கரண்ட் எந்த நேரமும் போகலாம் என்கிற இடத்தில் மேசைக் கம்ப்யூட்டரை விட, சார்ஜ் நிரம்பிய லெப்டொப்போ போனோ இந்த வேலைக்கு நல்லது.

விசேஷத்தை நேரில் பதிவு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது எம்பி4 ஐ விட 'எம்.கே.வி.' வகையில் பதிவு செய்வது பாதுகாப்பு. நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் திறக்கும். பிறகு ஆறுதலாக எம்பி4 ஆகக் கட்டிக்கொள்ளலாம். தேர் ஒரு நாள்தான் ஓடும். அந்தியேட்டியும் ஒரு தரம்தான். அதைத் திரும்ப நடத்திப் படம் பிடிக்க முடியாதே!

படிப்படியாகப் பார்ப்போம்

வீடியோ இறங்கி முடிந்தும் திறக்கத் தாமதமானால் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. ஒன்றையும் அழிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் பொறுங்கள். கோப்பு வைக்கும் இடத்துக்குப் போய் அதன் அளவைக் குறித்துக்கொண்டு, இன்னும் ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அளவு கூடியிருந்தால் வேலை நடக்கிறது. விட்டுவிடுங்கள்.

2. அளவு கூடவில்லை என்றால் காலி இடத்தைப் பாருங்கள். குறைவாக இருந்தால் பழைய வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றி இடம் விடுங்கள். 'தற்காலிகக் கோப்பு', 'கேஷ்' என்பவற்றை இந்த நேரத்தில் துடைக்கக் கூடாது. இறங்கிய துண்டுகள் அதற்குள்தான் இருக்கின்றன.

3. கம்ப்யூட்டர் என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸில் டாஸ்க் மெனேஜர் திறக்கும். 'டிஸ்க்' நூறு வீதத்தில் நின்றால் சேமிக்கும் இடம்தான் மெதுவாக இருக்கிறது. 'சிபியு' நூறில் நின்றால் பெரும்பாலும் படம் திரும்ப வார்க்கப்படுகிறது. இரண்டும் சும்மா இருந்தால் ஏதாவது துண்டு வராமல் காத்துக்கொண்டிருக்கலாம். சிக்னலைப் பார்த்து, 'தொடர்' என்பதை அழுத்துங்கள்.

4. போனைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். உறையைக் கழற்றி, அடுப்படியிலும் தலையணைக்கு அடியிலும் வைக்காமல், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். வேறு செயலிகளை மூடிவிடுங்கள்.

5. 'பெட்டரி மிச்சம்' போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். திரை அணைந்ததும் வேலையை நிறுத்தி வைக்கிற போன்கள் உண்டு.

6. அடுத்த தரம் இறக்கும்போது, கார்டுக்கோ பென் டிரைவுக்கோ நேரே இறக்காமல் முதலில் போனின் உள் நினைவகத்தில் இறக்கிக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். வாசிப்பது ஓரிடம், எழுதுவது ஓரிடம் என்றிருந்தால் வேகம் கூடும்.

7. தெளிவைக் குறையுங்கள். பாடம் பார்க்க 480 போதும். கரும்பலகை எழுத்துத் தெரிந்தால் சரி.

8. கட்டி முடிந்து திறக்கிறது, ஆனால் தட்டித் தட்டி ஓடுகிறது என்றால் அது வேறு வருத்தம். 2013 இல் வந்த எச்.265, 2018 இல் வந்த ஏவி1 என்ற புதிய சுருக்க முறைகளைப் பழைய போன்கள் இலேசாக விரிக்க மாட்டா. 2003 இல் வந்த எச்.264 முறையிலுள்ள வீடியோவைத் தெரிவு செய்யுங்கள்.

கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்

"வேகமா எடுக்கலாம், இந்த ஆப்பைப் போடு" என்று யாராவது அனுப்பும் தெரியாத செயலியைப் போடாதீர்கள். வீடியோ இறக்குவதற்குத் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்தியையும் கேட்கிற செயலிக்கு வீடியோ தேவையில்லை. உங்கள் வங்கிக் கணக்குத்தான் தேவை. வைரஸ் காவலன் கோப்பைச் சோதிப்பதாலும் கொஞ்சம் தாமதமாகும். அதற்காகக் காவலனை நிறுத்திவிடக் கூடாது. சோதித்து முடியட்டும்.

எல்லா வீடியோவையும் இறக்கி வைக்க உரிமை இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பத்தார் அனுப்பியது, போட்டவர் அனுமதித்தது, பொதுக் கல்விக்காக வெளியிட்டது ஆகியவையே நமக்குரியவை. யூடியூப் செயலியில் 'ஒஃப்லைன்' ஆகச் சேமிப்பது அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும். பென் டிரைவுக்கு மாற்ற முடியாது. அதைப் பழுது என்று நினைத்து மணிக்கணக்கில் போராட வேண்டாம். பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் தமிழ் மொழியிலும் பாடங்கள் இருக்கின்றன.

2020 இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். ஒருவர் ஒழுங்காக இறக்கிக் கட்டி வைத்த ஒரு பாடத்தைப் பத்துப் பிள்ளைகள் பென் டிரைவில் வாங்கிப் படிக்கலாம். பத்துப் பேரும் தனித்தனியே டேட்டா போட வேண்டியதில்லை. தோட்டத்துப் படிப்பகத்திலோ சனசமூக நிலையத்திலோ இதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

செய்து பாருங்கள்

இந்தக் கிழமை வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, உங்கள் போனில் எவ்வளவு இடம் காலி என்று பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு, மெமரி கார்டு இருந்தால் அதன் வட்டத்துக்குள் என்ன இலக்கம் என்று பாருங்கள். மூன்று, கீழே உள்ள கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்:

விநாடிக்கு இரண்டரை மெகாபிட் வீதம் இரண்டு மணித்தியாலப் பாடம் ஒன்றை இறக்குகிறோம். கோப்பு எவ்வளவு பெரிது? கட்டி முடிக்க எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்? பத்தாம் நம்பர் கார்டில் எழுத மட்டும் எவ்வளவு நேரம் எடுக்கும்?

விடை: 2,250 மெகாபைட், அதன் இரு மடங்கு, அதாவது குறைந்தது நாலரை ஜிகாபைட், 225 விநாடி, அதாவது நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளைக்கு, எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது கை வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.